நாலு ஊரு, அஞ்சு ஜெர்சி... தமிழ்நாட்டு மிட்ஃபீல்டர்கள் ஏன் கிளப் மாறிக்கிட்டே இருக்காங்க?

ஒரு கால்பந்து வீரர் அடிக்கடி கிளப் மாறினால், "இவர் எங்கேயும் நிலையா நிக்க மாட்டார்" என்று கமெண்ட் வரும். தமிழ்நாட்டு வீரர்கள் விஷயத்தில் கதையே வேற. நிற்பதற்கு இங்கே இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

யார் இந்த சூசைராஜ்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோர ஊரான இரவிபுத்தன்துறையில் 1994-ல் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்காக ஆடி கவனம் பெற்றார். 2018-ல் ஜாம்ஷெட்பூர், 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அதே ஆண்டு இந்திய அணியிலும் இடம் கிடைத்தது. 2020-ல் ஏ.டி.கே., மோகன் பகானுடன் இணைந்ததால் அவர் ஊர் மாறாமலே ஜெர்சி மாறியது. 2022-ல் ஒடிசா. இத்தனையும் சில வருஷங்களுக்குள்!

இது புதுசா?

இல்லவே இல்லை. தஞ்சாவூர்க்காரரான மிட்ஃபீல்டர் குலோத்துங்கனும் இதே பாதையில் போனவர்தான். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றிலும் ஆடினார். மும்பை எஃப்.சி., விவா கேரளா அணிகளிலும் இருந்தார். 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் அவரும் ஒருவர். 2018 ஜூனில் தஞ்சாவூரில் நடந்த பைக் விபத்தில் உயிரிழந்தார். ஆசியக் கோப்பை ஒன்றைக் கையில் ஏந்திய இந்தத் தமிழரை கொல்கத்தா ரசிகர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

ஊரிலேயே ஆட முடியாதா?

ஆட ஆசைதான். கிளப் நிலைக்கணுமே! ஒரு காலத்தில் தேசிய லீக்கில் ஆடிய இந்தியன் வங்கி அணி இப்போது அந்த மேடையில் இல்லை. சூசைராஜ் கிளம்பிய அடுத்த சீசனிலேயே, 2019 மார்ச்சில், சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆனது. கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. ஆனால் 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடவில்லை. ஐ.எஸ்.எல். பட்டத்தை இரண்டு முறை வென்ற சென்னையின் எஃப்.சி.யும், லீக்கின் எதிர்காலமே கேள்விக்குறியான 2025 ஆகஸ்டில் தன் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. கோப்பை ஜெயித்தாலும் கிளப் நிலைக்கும் என்று உறுதி இல்லை.

மிட்ஃபீல்டருக்கு என்ன கூடுதல் சிக்கல்?

2021-22 சீசன் வரும் வரை ஐ.எஸ்.எல். போட்டியில் ஒரே நேரத்தில் 5 வெளிநாட்டு வீரர்கள் களத்தில் இருக்கலாம். பிறகுதான் அது 4 ஆனது. கிளப்புகள் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர், நடுக்களம் ஆகிய இடங்களுக்குத்தான் வெளிநாட்டுக்காரர்களைத் தேடும். மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு இடத்துக்கு நம்ம வீரர்கள் முட்டி மோத வேண்டும். ஒன்று கிளப் மாறணும், இல்லையா பொசிஷன் மாறணும். சூசைராஜ் இரண்டையும் செய்தார். ஏ.டி.கே.யில் பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடதுபக்க விங்-பேக் ஆக்கினார். அந்த அணி 2020 மார்ச்சில் பட்டம் வென்றது. இறுதிப் போட்டியில் தோற்றது யார் தெரியுமா? சென்னையின் எஃப்.சி.!

காயம் பட்டால்?

அங்கேதான் இந்த வேலையின் ஆபத்து தெரியும். 2020 நவம்பர் 20, சீசனின் முதல் போட்டி. கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக முதல் பாதியிலேயே சூசைராஜின் முழங்காலில் அடி. அந்த சீசன் அத்தோடு முடிந்தது. ஒப்பந்தம் இருக்கும் வரைதான் சம்பளம், சிகிச்சை எல்லாம். அது முடியும்போது உடம்பு தயாராக இல்லை என்றால், அடுத்த கிளப் கூப்பிடுமா என்பதே சந்தேகம்தான்.

அடுத்த தலைமுறைக்கு என்ன?

ஏற்காடு மலையில் செம்மநத்தம் மாதிரி ஒரு கிராமத்தில் பந்து உதைக்கும் பையனை யோசித்துப் பாருங்கள். முதலில் சேலத்துக்கு இறங்கணும், அப்புறம் சென்னை, அதுக்கும் மேல போகணும்னா கொல்கத்தாவோ கோவாவோ. திறமை இருந்தால் வெளியூர் போவது தப்பில்லை, உலகம் முழுக்க வீரர்கள் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் போவதும் இருப்பதும் அவர்களே எடுக்கும் முடிவாக இருக்கணும். அதுக்கு இங்கே சீசன் தவறாமல் ஆடுகிற, சம்பளம் தவறாமல் தருகிற ரெண்டு மூணு கிளப்பாவது வேணும். அதுவரை நம்ம மிட்ஃபீல்டர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.