கூத்தும் உண்டியலும்

நீலாய் வட்டாரத் தோட்டங்களில் தெருக் கலை விழா ஒன்று நடத்த வேண்டும். அதில் சேரும் பணத்தைத் தரும காரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நம்மவரிடையே ஒரு பேச்சு நடக்கிறது. பறை, கூத்து, கோலாட்டம், சுவர்ச் சித்திரம் என்று இளைஞர்கள் பட்டியல் போடுகிறார்கள். கணக்கு எழுதித் தரக் கிராணிமார் சிலரும் முன்வந்திருக்கிறார்கள். யோசனை நல்லது. நாம் அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் உண்டியலைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். சேரும் பணம் எதற்கு?

வசூல் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. லயத்துக்கு முன்னால் காமன் கூத்து ஆடிய நாளிலேயே தட்டு சுற்றி வந்தது. சாவு வீடென்றால் சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தவர்கள் நாம். 1950-களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற வேண்டுமென்று ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். செல்வர்களை மட்டும் நம்பாமல் சாதாரண மக்களிடம் சிறு தொகையாகக் கேட்டார். மக்களும் கொடுத்தார்கள். 1960-இல், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட வேளையில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளி கட்டிய தவணைப் பணம் தோட்டங்களையே வாங்கிற்று. ஆகவே, பால்மரம் சீவும் கையில் காசு தங்காது, அதனால் அது கொடுக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

கலை விழாவைத் தெருவில் நடத்துவதற்கும் நம் கண் முன்னே ஓர் உதாரணம் உண்டு. சென்னையில் பெசன்ட் நகரை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. ஒரு பக்கம் வசதி படைத்தவர் வீடுகள்; மறு பக்கம் வலையும் படகும். 2015-ஆம் ஆண்டில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோரும் குப்பத்து மக்களும் தொண்டர்களும் சேர்ந்து அங்கே ஒரு விழா நடத்தினார்கள். சபாக்களில் டிக்கெட் வாங்கிக் கேட்கும் பாட்டும், வாசலோடு நிறுத்தப்பட்டிருந்த பறையும் கூத்தும், ஒரே விழாவில் ஏறின. பார்க்க வந்தவர்களுக்கு டிக்கெட் கிடையாது. நன்கொடையும் தொண்டர் உழைப்பும் விழாவைத் தாங்கின. பின்னர் அது ‘சென்னைக் கலைத் தெரு விழா’ என்று பெயர் பெற்றது.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்த விழாக்காரர்கள் குப்பத்து மக்களை ஏழைகள் என்று காட்டிப் பிச்சை கேட்கவில்லை. குப்பத்தார் விழாவுக்கு வீட்டுக்காரர்களாக நின்றார்கள். நகரத்தார் விருந்தாளிகளாக வந்தார்கள். பணத்தைவிட அந்த நிலை மாற்றமே பெரிது என்பது நமது அபிப்பிராயம்.

அதே சென்னையில் இன்னொரு காட்சியும் உண்டு. கண்ணகி நகர் என்பது, நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய்க் குடியேற்றிய பெரிய குடியிருப்பு. வேலை செய்த இடம் ஒரு கோடியில். வீடு மறு கோடியில். 2020-இல் அக்கட்டடங்களின் சுவர்களில் ஓவியர்கள் பெரிய பெரிய சித்திரங்கள் தீட்டினார்கள். அழகாகத்தான் இருக்கின்றன. இகழ்ந்து பேசப்பட்ட ஊருக்கு அதனால் கௌரவமும் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனாலும் சுவரிலே பூசிய வண்ணம் வேலைத்தலத்தைக் கிட்டே கொண்டுவந்து விடாது. சித்திரம் செய்யக்கூடிய காரியம் வேறு. சர்க்கார் செய்ய வேண்டிய காரியம் வேறு.

இந்த வித்தியாசத்தைத்தான் நீலாயில் விழா நடத்தப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும். லயத்துக் கூரை ஒழுகுகிறது, அதற்கு வசூலிப்போம் என்று ஒருவர் சொல்வார். தண்ணீர்க் குழாய் கெட்டுவிட்டது, விழாப் பணத்தில் மாற்றுவோம் என்று இன்னொருவர் சொல்வார். நல்ல மனம்தான், ஆனால் தவறான வழி. தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டைப் பழுது பார்ப்பதும் தண்ணீர் கொடுப்பதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. அந்தக் கடமையை நாம் உண்டியல் குலுக்கி நிறைவேற்றினால் நிர்வாகத்துக்கு லாபம், நமக்கு என்ன? அடுத்த வருஷமும் கூரை ஒழுகும். “போன தடவை நீங்களே செய்து கொண்டீர்களே” என்பார்கள். ஒழுகும் கூரைக்கு எழுத வேண்டியது மனு. அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் சங்கக் கிளையும் தொழிலாளர் இலாகாவும்.

வேலையில் அடிபட்டவன் கதையும் அப்படியே. அவனுக்காகத் தட்டேந்துவதற்கு முன், சொக்சோவில் மனுக் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவனுக்கு வர வேண்டிய பணம் அது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி 2025-இல் 1,700 வெள்ளியாயிற்று என்றால், அது யாரும் தட்டில் போட்ட காசு அல்ல. பல காலம் கேட்டுக் கேட்டு வந்தது.

அப்படியானால் தருமத்துக்கு இடமே இல்லையா? நிறைய இருக்கிறது. நீரிழிவு நோயால் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், இயந்திரத்தோடு கிடப்பவர்கள் நம்மிலே பலர். சொக்சோ உதவி எட்டாத வயதான தாய்மார்களும் அவர்களில் உண்டு. சிகிச்சைக்கு வழி கிடைத்தாலும் சிரம்பானுக்குப் போய்வர வண்டிச் செலவு மாதா மாதம் தின்கிறது. கூட வரும் மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய கூலி போகிறது. அந்த வண்டிச் செலவைக் கொடுக்க வேண்டுமென்று எந்த முதலாளியையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கேதான் அயலாரின் கை நீள வேண்டும். முதல் விழாவின் பணம் அதற்கே போகட்டும் என்பது நமது யோசனை.

இனி விழா முறையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. தெருவில் வசூல் செய்ய 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். போலீஸ் நிலையத்தில் விசாரித்து முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நீலாய் 2020 ஜனவரி முதல் சிரம்பான் மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் அங்கே கேட்டுக் கொள்ளுங்கள். உண்டியலைப் பூட்டிச் சாவியை ஒருவரும் உண்டியலை வேறொருவரும் வைத்துக் கொள்ளட்டும். விழா முடிந்த இரவே, கூட்டம் கலைவதற்கு முன்பாக, பெரியவர் நாலு பேர் பார்க்க எண்ணி, தொகையை மேடையிலேயே படிக்க வேண்டும். வரவு இவ்வளவு, பந்தலுக்குச் செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எழுதிக் கோயில் வாசலிலும் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். உதவி பெறுகிறவர் பெயரை மட்டும் ஒட்ட வேண்டாம். மேடையில் நிறுத்திப் பணம் கொடுத்துப் படம் பிடிப்பதும் வேண்டாம். வாங்குகிறவருக்கும் மானம் உண்டு.

மேடையில் ஏறுகிறவர்கள் யார்? வெளியூர்ப் பாட்டுக் குழுவுக்குப் பணம் கொட்டி அழைத்தால் உண்டியல் அங்கேயே காலியாகிவிடும். நம் தோட்டத்தில் பறையடிப்பவர் இருக்கிறார். தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சுவரும் நாலு டின் சாயமும் கொடுத்தால், விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போகும் தங்கள் தாயை அவர்கள் வரைவார்கள். இன்று நம்மோடு நிரை பிடிக்கும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் பாடத் தெரிந்தவர்களே. அவர்களையும் அழையுங்கள்.

நீலாயைச் சுற்றிலும் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் தாமான்களும் கல்லூரிகளும் வந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் இன்று அடுக்குமாடியில் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒருவர் நோயாய்க் கிடப்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. ஓர் இரவு எல்லாரும் ஒரே தெருவில் கூடினால், யாருக்கு என்ன கஷ்டம் என்பதாவது தெரிய வரும்.

ஆகவே விழா நடக்கட்டும். உண்டியல் ஒரு பக்கம் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே சங்கக் கிளையார் ஒரு மேசை போட்டு, வீட்டுக் குறையையும் சொக்சோ மனுவையும் எழுதி வாங்கட்டும். ஏற்பாட்டுக் குழுவில் மரம் சீவும் பெண்களில் இருவரையாவது சேர்த்துக்கொண்டு, இந்த மாதச் சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமையே முதல் கூட்டத்தைக் கூட்டுமாறு நம் இளைஞர்களையும் கிராணிமார்களையும் கேட்டுக் கொள்கிறோம்.