வரட்சியைத் தாங்கும் வித்தை வையம்பட்டிக்கு வரட்டும்

பொன்னணியாறு அணை அருகிருந்தும் பெரும்பாலும் வானத்தையே நம்பி விதைக்கும் வையம்பட்டி வட்டாரத்து மானாவாரி விவசாயிகளுக்கு, பயிர் வரட்சியை உணர்ந்து தாங்கும் விதம் பற்றித் தாவர சாஸ்திரம் கண்ட உண்மைகளை நேரடியாகப் பயன்படச் செய்வது சர்க்காரின் கடமை என்பது நமது திடமான அபிப்பிராயம்.

மண்ணில் ஈரம் குறைந்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்து, உள்ள நீரைக் காக்கிறது. 1960-களின் முற்பகுதியில் பருத்திக் காயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளை உணரும் புரதங்கள் எவை என்பது 2009-இல்தான் தெளிவாயிற்று. கால்சியம் அயனிகள், சாலிசிலிக் அமிலம், நைட்ரிக் ஆக்சைடு முதலியனவும் இவ்வாறு செய்தி கடத்துபவையே. ஆனால் துளைகள் மூடியே கிடந்தால் கரியமிலவாயு உட்புகாமல் மகசூல் குன்றுமாதலால், எதை, எப்போது, எவ்வளவு பிரயோகிப்பது என்பதிலேயே நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன.

இந்த நிதானத்தை உள்ளூர் நிலத்தில் பரீட்சித்தே அறிய இயலும். களர் நிலத்துக்கென்று திருச்சி நெல் ரகங்களை உருவாக்கித் தந்த நவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரி வையம்பட்டி அடங்கிய இதே திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. நிலக்கடலை விதையை அரை சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கும் கடினப்படுத்தும் முறையும், இலைமேல் வாழும் மெத்திலோபாக்டீரியம் நுண்ணுயிர்க் கரைசலைத் தெளிக்கும் முறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பவை. சிறு விவசாயிக்கும் எட்டக்கூடியவை.

இவை கிராமத்துக்கு வந்து சேராத இடத்தில், அற்புத மகசூல் தருவதாகச் சொல்லப்படும் புட்டிகள் வந்து சேர்கின்றன. இவ்வகை உயிரியல் ஊக்கிகளை 2021-இல் மத்திய சர்க்கார் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவந்தது நியாயமே. எனினும் ஆணை கடைவீதி வரை நடந்தால்தான் விவசாயியின் பணம் தப்பும்.

எந்த மருந்தும் மழையாகாது என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அது மெய்யே, ஏரி குளங்களைத் தூர்வாரும் கடமை இதனால் அணுவளவும் குறையாது. ஆனால் இரண்டு மழைகளுக்கு இடையே பயிர் சில நாள் கூடுதலாக உயிர்பிடித்து நிற்பதே மானாவாரியில் ஒரு குடும்பத்தின் ஜீவனத்தைத் தீர்மானித்துவிடும்.

ஆகவே அடுத்த பட்டத்துக்கு முன்பே வையம்பட்டிச் செம்மண்ணில், விவசாயிகளின் சொந்தக் காடுகளிலேயே, இம்முறைகளைக் கையாண்ட பாத்தியும் கையாளாத பாத்தியும் அருகருகே தெரியும்படி செயல்விளக்கம் நடத்தி, முடிவு எதுவாயினும் பகிரங்கமாக வெளியிட்டு, பயன் தந்தவற்றை வேளாண்மை விரிவாக்க மையத்தின் வழியே மலிவு விலைக்கு வழங்குமாறு அதிகாரிகளை வலியுறுத்துகிறோம்.