இன்னொரு பண்டாரசாமி நமக்கு எதற்கு?

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் தெருக்களுக்கு இரண்டு வகைத் துண்டறிக்கை வரும். ஒன்று பாலிடெக்னிக்காரர்களுடையது. மற்றது கத்தோலிக்கத் துறவற சபைகளுடைய 'இறையழைத்தல்' துண்டறிக்கை. எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலிருந்து நம் படிப்பகத்துக்கு வருகிற தம்பி ஒருவன் இரண்டாவது வகையில் நாலைந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணா, ஒண்ணு படிப்பு சொல்லிக்குடுக்கற சபையாம். ஒண்ணு ஜெபம் மட்டும்தானாம். ஒரே சபையிலயே நாலு கிளை, நாலுக்கும் நாலு நோக்கமாம். இதுல நமக்குன்னு எது?"

துண்டறிக்கையை எழுதிய சாமியார்களுக்கு இது சின்னக் கேள்வி. 'எல்லாக் கிளையும் ஒரே மரம்தான் தம்பி' என்று முடித்துவிடுவார்கள். நமக்கு அப்படி முடியாது. 'நமக்குன்னு' என்று நம் பிள்ளைகள் கேட்பதற்கு இந்தத் தமிழ் மண்ணில் ஏறக்குறைய நானூறு வருஷத்து வரலாறு இருக்கிறது.

ஐரோப்பாவில் சபைகள் கிளை பிரிந்த கதையை முதலில் பார்ப்போம். அசிசி பிரான்சிஸ் 1209இல் தொடங்கிய சபையில் முதல் சபை துறவிகளுக்கு. இரண்டாம் சபை மடத்துக்குள்ளேயே அடைந்து ஜெபிக்கிற கிளாராவின் பெண்களுக்கு. மூன்றாம் சபை குடும்பம் குட்டியோடு இருப்பவர்களுக்கு. அப்புறம் முதல் சபைக்குள்ளேயே தகராறு. சபைக்குச் சொத்து இருக்கலாமா, கூடாதா? மூன்று நூற்றாண்டு சண்டை போட்டு 1517இல் இரண்டாக உடைந்தார்கள். அதுவும் போதாது, இன்னும் கடுமையான ஏழ்மை வேண்டும் என்றவர்கள் 1528இல் கப்புச்சின்கள் ஆனார்கள். கார்மேல் சபையிலும் இதே கதைதான். 1562இல் அவிலா தெரசா தொடங்கிய சீர்திருத்தம் பிறகு தனிக் கிளை ஆனது. எப்படி வாழ்வது, எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதில் வந்த பிரிவுகள் இவை. யாரோடு பழகுவது என்பதில் வந்தவை அல்ல.

அந்தக் கிளை இங்கேதான் முளைத்தது. முளைக்க வைத்தவர்கள் சேசு சபையினர். ஐரோப்பாவில் கிளை பிரியாமல் ஒரே உடலாக நின்ற சபை அது.

ராபர்ட் டி நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைச் சாமியார் பரதவர்களுக்காக இருந்தார். நொபிலி அவரை விட்டு விலகித் தனிக் குடில் போட்டார். காவி, பூணூல், சந்தனம், சைவச் சாப்பாடு, பிராமணச் சமையல்காரர். பரங்கி என்றால் தீட்டு. தீட்டானவன் சொல்வதை மேல்சாதி கேட்காது. ஆகவே நான் பரங்கி இல்லை. இதுதான் அவருடைய வாதம். பெர்னாண்டஸ் புகார் எழுதினார். வழக்கு கோவா போய், ரோம் போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் அனுமதி கொடுத்தார். இவற்றை மூடநம்பிக்கையில்லாத சமூக அடையாளங்களாகக் கொள்ளலாமாம். சாதி வெறும் சமூக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்றைக்கும் நம் காதில் விழுகிற வசனத்துக்கு அன்றைக்கே ரோமாபுரி முத்திரை விழுந்துவிட்டது.

பிராமண சந்நியாசி சேரிக்குள் கால் வைக்க முடியாது. வைத்தால் வேஷம் கலைந்துவிடும். ஆனால் வேதத்தில் சேரத் துடித்தவர்கள் சேரியில்தான் இருந்தார்கள். என்ன செய்வது? 1640இல் பல்தசார் டா கோஸ்தா இன்னொரு வேஷம் போட்டார்: பண்டாரசாமி. பண்டாரசாமி சூத்திரச் சாதிகளோடு வெளிப்படையாகப் பழகலாம். பறையரோடும் பள்ளரோடும் பழகினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். ஒரே சபை, ஒரே வார்த்தைப்பாடு, ஒரே மேலதிகாரி. ஆனால் பிராமண சந்நியாசியும் பண்டாரசாமியும் ஊர் பார்க்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். சாதியைக் கரைக்க வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே சாதியைக் கட்டிக்கொண்டார்கள்.

பண்டாரசாமிகளை நான் கேலி செய்யவில்லை. கூட்டம் கூட்டமாக மக்கள் சேர்ந்தது அவர்களிடம்தான். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுப்பட்டுச் செத்த அருளானந்தர் பண்டாரசாமிதான். வெயிலிலும் காட்டிலும் அலைந்து செத்த மனிதர்களின் நல்ல மனசு பற்றியதல்ல நம் கேள்வி. அவர்களை நிறுத்தி வைத்த ஏற்பாடு பற்றியது. பண்டாரசாமி இருந்ததால்தான் பிராமண சந்நியாசி தீட்டுப்படாமல் இருக்க முடிந்தது. 'சேரிக்கு ஆள் போயிருக்கிறது' என்று சபை சொல்லிக்கொள்ளலாம். தலைமைக் குடில் மாற வேண்டியதில்லை.

அடுத்த கட்டம் இன்னும் அம்மணமானது. 1704இல் போப்பின் தூதர் டி தூர்னோன் புதுச்சேரியில் ஒரு ஆணை வெளியிட்டார். சாகக் கிடக்கும் பறையருக்கு அவர் வீட்டுக்கே போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சாகிறவன் வீட்டுக்குப் பாதிரியார் போக வேண்டும் என்று ரோமிலிருந்து வந்து ஆணை போட வேண்டியிருந்தது தோழர்களே! சேசு சபை மேல்முறையீடு செய்தது. சேரிக்குடிசைக்குள் போய் வந்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் எங்களை விட்டுப் போய்விடுவார்கள் என்றது. நாற்பது வருஷம் இழுத்து, 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவு சொன்னார். ஆணை நிற்கும். ஆனால் பறையர்களுக்கென்றே தனியாகச் சாமியார்களை ஒதுக்குகிறோம் என்ற சேசு சபையின் யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார். இந்த மண்ணில் நமக்கென்று ஒதுக்கப்பட்ட கிளைக்கு ரோமாபுரி அங்கீகாரம் வந்த வருஷம் அது.

புதுச்சேரியில் சேசு சபைக்கு எதிராக நின்ற கப்புச்சின்கள் மட்டும் சாதி ஒழிப்புப் போராளிகளா? இல்லை. அவர்கள் 1642லேயே புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தவர்கள். பாரிமுனை அரண்மனைக்காரன் தெருக் கோயில் அவர்கள் வழி வந்தது. புதுச்சேரித் தமிழர்களின் பங்கு தங்களுக்கா, சேசு சபைக்கா என்ற எல்லைத் தகராறும் அவர்களுக்கு இருந்தது. நம் பிணத்தை நடுவில் போட்டு இரண்டு சபைகள் வழக்காடின. பறையர் தரப்பு என்று ஒரு வாக்குமூலம் அந்த வழக்கில் ஏன் இல்லை என்பதை மாணவத் தோழர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

1773இல் சேசு சபையையே போப் கலைத்தார். 1814இல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1838இல் மதுரைக்குத் திரும்பி வந்தார்கள். இந்த முறை வேஷம் இல்லை, கட்டடம் இருந்தது. 1872இல் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்த கோயில் எழுந்தது. 1910இல் அந்தத் தடுப்புச் சுவரை இடித்ததும் அதே சபைச் சாமியார்கள்தான். இடிக்க முடியும் என்பதற்கும், இடிக்க நாற்பது வருஷம் ஆகும் என்பதற்கும் அது ஒரு சாட்சி. திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரையும் 2008இல் எறையூரில் நடந்ததையும் தெரிந்தவர்களுக்கு, செத்த பிறகும் கிளை உண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த திருப்பம் 1974-75. சேசு சபையின் 32ஆம் பொதுப்பேரவை ரோமில் கூடியது. பெத்ரோ அருப்பே தலைவர். விசுவாசத்துக்குச் சேவை செய்வது என்றால் நீதிக்காக நிற்பதும் அதில் அடக்கம் என்று அதன் நான்காம் ஆணை சொன்னது. அந்த ஆணையைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டில் சேரிக்குள் வந்த இளம் சாமியார்கள் உண்டு. நம் கூட்டங்களில் தரையில் உட்கார்ந்தவர்கள், நம்மோடு ஊர்வலம் வந்தவர்கள். அவர்களைத் தோழர்கள் என்றே அழைக்கிறோம்.

ஆனால் அந்த ஆணை நடைமுறைக்கு வந்தபோது என்ன வடிவம் எடுத்தது? கல்லூரி கல்லூரியாகவே இருந்தது. பக்கத்தில் ஒரு சமூகப்பணி மையம் முளைத்தது. மறைமாவட்டம் மறைமாவட்டமாகவே இருந்தது. அதற்குள் ஒரு தலித் பணிக்குழு முளைத்தது. சாதியைப் பற்றி யாராவது கேட்டால் 'பணிக்குழுவில் பேசுங்கள்' என்ற பதில் தயார். 1744 பெயர் மாறி வந்திருக்கிறது. பணிக்குழுச் செயலாளர்தான் இன்றைய பண்டாரசாமி.

கிளை என்ற சொல்லோடு தினமும் எட்டு மணி நேரம் குப்பை கொட்டுகிறவன் நான். வங்கியில் குமாஸ்தா. கிளை மேலாளர் தங்கமானவராக இருக்கலாம், கவுண்டருக்கு வருகிற கிழவியை 'வாங்கம்மா' என்று கூப்பிடலாம். அவருடைய அதிகார வரம்புக்கு மேல் ஒரு ரூபாய் கடன் என்றாலும் மண்டல அலுவலகம்தான் கையெழுத்துப் போட வேண்டும். வடசென்னையில் மீன்காரம்மா கட்டுகிற பணம் யாருக்குக் கடனாகப் போகிறது என்பதை அந்த மேலாளர் தீர்மானிப்பதில்லை. அதனால் ஒரு கிளையை அளக்க வேண்டுமானால் போர்டில் எழுதிய நோக்கத்தைப் படித்துப் பிரயோஜனமில்லை. மூன்று கேள்வி கேட்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? கையெழுத்து யாருடையது? இந்தக் கிளையில் இருக்கிறவன் தலைமை அலுவலகத்துக்குப் போக முடியுமா?

சபைகளிடம் இதைக் கேட்போம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றது. தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்றும் ஒப்புக்கொண்டது. அதாவது டெபாசிட் நம்முடையது, கையெழுத்து நம்முடையதல்ல. 2022இல் பூலா அந்தோணி முதல் தலித் கர்தினால் ஆனார், மகிழ்ச்சி. நொபிலி வந்து 416 வருஷம் கழித்து ஒருவர்.

'தனிக் கிளை வேண்டாம் என்றால் இட ஒதுக்கீடும் வேண்டாமா?' என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. இட ஒதுக்கீடு எல்லாரும் உட்காரும் அதே நாற்காலியில் நம்மை உட்கார வைக்கிறது. பண்டாரசாமி ஏற்பாடு நமக்கு வேறு நாற்காலி செய்து தாழ்வாரத்தில் போடுகிறது. எந்த நாற்காலியும் இல்லாத இடத்தில் தாழ்வாரத்து நாற்காலியும் ஒரு தொடக்கம்தான் என்று வாதாடும் நண்பர்களை மதிக்கிறேன். தொடக்கம் எத்தனை நூற்றாண்டுக்கு என்பதுதான் என் கேள்வி. அரசாங்கமும் இதையே செய்கிறது. 1950 ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது, கிறிஸ்தவ தலித்தைச் சேர்க்கவில்லை. சபைக்குள் அவன் தலித், அரசு அலுவலகத்தில் அவன் கிறிஸ்தவன். இரண்டு வாசலிலும் 'உனக்கு அந்தக் கவுண்டர்' என்கிறார்கள்.

இந்தக் கண்ணாடியைக் கட்சிகள் பக்கமும் இயக்கங்கள் பக்கமும் திருப்புவோம். ஆதிதிராவிடர் அணி இல்லாத பெரிய கட்சி உண்டா? அந்த அணித் தலைவர் வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறைக்குள் போகிறாரா? நம் இயக்கத்திலும் மகளிர் அணி என்று ஒன்று வைத்துவிட்டு, பெண்கள் பிரச்சினை வந்தால் 'அது மகளிர் அணி பாக்கும்' என்று எழுந்து போகிறோமே, அது எந்த ஊர் நியாயம்? அம்பேத்கரைப் படித்தவர்கள் பண்டாரசாமி ஏற்பாட்டை இன்னொரு பெண்ணின் தலையில் கட்டக் கூடாது.

துறவற சபைகள் முன் நாம் வைப்பது இவ்வளவுதான். மாநிலத் தலைவர்கள், கல்லூரி முதல்வர்கள், பொருளாளர்கள், நவதுறவிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் வெளியிடுங்கள். தலித் பணிக்குழுவில் ஐந்து வருஷம் இருந்தவரைக் கல்லூரிக்குத் தலைமை தாங்க அனுப்புங்கள். கல்லூரி முதல்வராக இருந்தவரை ஐந்து வருஷம் சேரிக்கு அனுப்புங்கள். சாதி பற்றிய புகாரைப் பணிக்குழு விசாரிக்க வேண்டாம், மாநிலத் தலைவரே விசாரிக்கட்டும்.

சபைகளுக்குப் போகிற நம் பிள்ளைகளைத் தடுப்பது நம் வேலையல்ல. படிக்கப் போகட்டும், ஜெபிக்கப் போகட்டும், கணக்குப் பார்க்கப் போகட்டும். எந்தக் கிளையில் வேண்டுமானாலும் சேரட்டும். 'உங்க ஆளுங்களுக்கு வேலை செய்ய நீதான் சரி' என்று யாராவது தோளைத் தட்டினால் மட்டும் அங்கேயே நின்று கேட்கட்டும்: மத்தவங்க ஏன் சரியில்ல?