ஐநூறு ரூபாய்க் காமராஜர்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம பள்ளி அரங்கத்துக்குக் காமராஜர் படம் வேண்டும் என்று பழைய மாணவர் குழுவில் போன வாரம் பேச்சு வந்தது. ஓவியர் ஒருவரை வைத்து வரையலாம் என்றேன். "எதுக்குங்க சார்? ஏஐ-ல போட்டா ரெண்டு நிமிசம். ஃபிளெக்ஸ் பிரிண்ட் ஐநூறு ரூவாதானுங்க" என்று பதில். கூடவே படமும் வந்தது. கறுத்த மனிதரைச் சிவப்பாக்கி, முகத்துச் சுருக்கத்தையெல்லாம் தேய்த்துவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு!

கண்ணுகளா, அந்தக் கறுப்பும் சுருக்கமும்தானே காமராஜர்? அதை அழித்துவிட்டு யாருக்கு மாலை போடப் போகிறீர்கள்?

நம்ம கோவையிலேயே ஓவியர் ஜீவா இருக்கிறார். அப்பா வேலாயுதமும் பேனர் ஓவியர். சினிமா பேனர் வரைந்த கை அது. சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை ஆளுயரத் துணியில் பெரிதாக்கி, கிட்டே நின்று வரைந்து, தூரம் போய்ப் பார்த்துத் திருத்துகிற வேலை. கண் ஒரு விரக்கடை தள்ளினால் எம்.ஜி.ஆர். வேறு யாரோ ஆகிவிடுவார். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே சாய்த்தது. எத்தனையோ பேர் தூரிகையைக் கீழே வைத்தார்கள். ஜீவா வைக்கவில்லை. தலைவர்கள், எழுத்தாளர்கள், கலைஞர்கள் என்று முகங்களை வரைந்துகொண்டே இருந்தார். சினிமா பற்றி அவர் எழுதிய 'திரைச்சீலை' நூல் தேசியத் திரைப்பட விருதுகளில் அங்கீகாரம் பெற்றது. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் ஊரில் இப்படி ஒருவர். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"போட்டோ இருக்கும்போது ஓவியம் எதுக்கு?" என்று கேட்கிறீர்கள். போட்டோ ஒரு நொடியைக் காட்டும். ஓவியர் பத்துப் போட்டோக்களைப் பார்த்து, அந்த மனிதரைப் படித்து, எது அவர் முகம் என்று முடிவு செய்கிறார். போட்டோவே இல்லாத வள்ளுவருக்கு முகம் கொடுத்ததும் ஓர் ஓவியர்தானே?

இங்கே என் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் அந்த வள்ளுவர் படத்துக்குக் கீழே நின்று குறள் நடத்தினேன். 1964-இல் சட்டமன்றத்தில் ஜாகிர் உசேன் திறந்துவைத்த படம் அது. வரைந்தவர் கே. ஆர். வேணுகோபால் சர்மா. ஒரு வகுப்பிலாவது அந்தப் பெயரைச் சொன்னேனா? இல்லை. வாத்தியாரே சொல்லாதபோது நீங்கள் ஐநூறு ரூபாய்க் கணக்குப் போடாமல் என்ன செய்வீர்கள்?

அதனால் சொல்கிறேன். ஜீவாதான் வரைய வேண்டும் என்றில்லை. கையில் தூரிகை பிடிக்கிற யாராவது வரையட்டும். பேரம் பேசாமல், முன்பணம் கொடுத்துக் கேளுங்கள். "நல்ல காரியமுங்க, சும்மா வரைஞ்சு குடுங்க" என்று மட்டும் யாரும் வாய் திறக்காதீர்கள். பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் அப்படிக் கேட்போமா? படத்தின் கீழே ஓவியர் பெயரும் வருடமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் வெட்டுகிறோமே, அதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.

என் பென்சனில் இருந்து ஐயாயிரம் எடுத்து வைத்துவிட்டேன். மீதிக்கு நீங்கள் ஆச்சு.