கச்சான் கோதுக்குள் இல்லாத பருப்பு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வாழைச்சேனையைத் தாண்டினால் மாங்கேணி வரும். ஒருபுறம் கடல், சற்று வடக்கே பனிச்சங்கேணி வாவி, இடையில் மணற்பாங்கான மேட்டுநிலம். நெல்லுக்கு ஒவ்வாத அந்த மணலை நம்பிக் கச்சான் போடுகிறவர்கள் இப்பகுதியில் இருக்கிறார்கள். 2004இன் கடற்கோளையும் 2006–2007 காலத்து இடப்பெயர்வையும் கண்டு, திரும்பி வந்து மீண்டும் மண்ணைக் கொத்திய மக்கள் இவர்கள்.

செய்தி சேகரிக்கச் சென்ற ஒரு பயணத்தில் அங்கே முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "செடியெல்லாம் பச்சைப் பசேலெண்டுதான் தம்பி நிண்டது. புடுங்கிப் பார்த்தா முக்காவாசி வெறுங்கோது." பசளை போடவில்லையா என்று கேட்டேன். யூரியா போட்டதாகச் சொன்னார். நான் கலைப் பட்டதாரி, பயிரியல் படித்தவனல்லன். ஆயினும் அந்த வெறுங்கோது என்னை விடவில்லை. தேடிப் படித்தேன்.

கச்சானின் இயல்பு விசித்திரமானது. பூ மண்ணுக்கு மேலே, காய் மண்ணுக்குள்ளே. பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் துளைத்துச் சென்று காயாகிறது. அந்தக் காய்க்கு வேண்டிய கல்சியத்தை வேர் உறிஞ்சி இலைக்கு அனுப்பினாலும், அது இலையிலிருந்து காய்க்கு இறங்கி வருவதில்லை. காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து அதை நேரடியாக உறிஞ்ச வேண்டும். மேல்மண்ணில் கல்சியம் இல்லையேல் கோது உருவாகும், பருப்பு உருவாகாது. மழைநீர் சத்துகளை எளிதில் கழுவிச் செல்லும் மணல் நிலத்திலேதான் இக்குறை மிகுதி.

யூரியா தருவது நைதரசன் மட்டுமே. கச்சானோ அவரை இனம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. தொடக்கத்தில் சிறிதளவு போதும். மிகுந்தால் இலை தழைக்கும், காய் தழைக்காது. பொட்டாசியத்தையும் அளவின்றிக் கொட்டினால் அது காயருகே கல்சியத்துடன் போட்டியிடும். வித்துகளில் எண்ணெய் சேரக் கந்தகம் வேண்டும். கல்சியத்தையும் கந்தகத்தையும் ஒருங்கே தருவது ஜிப்சம். தமிழ்நாட்டில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சமிட்டு, விழுது இறங்கும் பருவத்தில் மண் அணைக்குமாறு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். வேளை தவறினால் பயன் குறையும்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். இலங்கையில் பசளை மானியம் 1962இல் தொடங்கியது. அன்றுதொட்டு அதன் மையம் நெல்லே. 2005இன் பின்னர் நெற்செய்கையாளருக்கு 50 கிலோ பை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. நெல்லுக்குக் கொடுத்ததை நான் குறைகூறவில்லை. ஆனால் பசளை என்றாலே யூரியா என்ற எண்ணம் மேட்டுநிலத்திலும் வேரூன்றியதற்கு அந்த நெடுங்காலப் பழக்கமே காரணம் என்பேன்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அது தளர்த்தப்பட்டது. தடை விதித்தவர்களும் எதிர்த்தவர்களும் பசளையை ஒரே பொருளாகக் கண்டே வாதிட்டார்கள். எந்த மண்ணில் எது குறைகிறது, எந்தப் பயிருக்கு எது வேண்டும் என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. சேதனப் பசளை மணலின் ஈரத்தைக் காக்கும். அதன் அருமை பெரிது. எனினும் குறைகின்ற சத்து எது என்று அறியாமல் எருவைக் கொட்டினாலும் யூரியாவைக் கொட்டினாலும் அது இருட்டில் எறிந்த கல்தான்.

இதற்குப் பெருந்திட்டம் எதுவும் வேண்டாம். விதைப்புக்கு முன் மண்ணைப் பரிசோதித்து, முடிவை விவசாயிக்கு விளங்கும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். குறைவது கல்சியமானால் ஜிப்சம் பூக்கும் பருவத்துக்கு முன்பே கமநல சேவை நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு உதவ எண்ணும்போது, கோயில் கோபுரத்தோடு இந்த மண் பரிசோதனையையும் நினைத்துப் பார்க்கலாம்.

அந்த முதியவர் உழைப்பில் குறை வைக்கவில்லை. கடன்பட்டுப் பசளையும் வாங்கினார். அவருக்குக் கிடைக்காதது ஒரு தகவல் மட்டுமே. அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு போகம்.