பட்டறையைக் குற்றாலத்தில் போடுங்கள்!

பட்டறை என்றால் என்ன?

தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் கேட்டால் கொல்லன் பட்டறையைக் காட்டுவார்கள். அங்கே துருத்தி ஊதும். இரும்பு சிவக்கும். சம்மட்டி அடி விழும். உள்ளே போகும்போது வெறும் இரும்பு. வெளியே வரும்போது அரிவாள், மண்வெட்டி, கொழு.

சென்னையில் கேட்டால் வேறு பட்டறையைக் காட்டுவார்கள். குளுகுளு அறை. வட்ட மேஜை. மேஜை மேல் தண்ணீர் பாட்டில். சுவரில் படம் ஓடும். ஒருவர் பேசுவார். மற்றவர்கள் குறிப்பு எடுப்பார்கள். இதற்கும் பட்டறை என்றுதான் பெயர்.

பெரிய தொழில் மாநாடுகளில் இப்போது இந்தப் பட்டறைகள் ஏராளம். பட்டறை போக, கண்காட்சி, சிறு கூட்டம், கேள்வி நேரம் என்று பல துணை நிகழ்ச்சிகளும் உண்டு. எல்லாவற்றிலும் பேசப்படுவது ஒரே விஷயம்: தொழில் நீடித்து நிற்பது எப்படி?

பெரிய சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். இன்றைக்கு லாபம் தருகிற தொழில் பேரன் காலத்திலும் நடக்க வேண்டும். அதற்கு ஆறு கெடக்கூடாது. காடு அழியக்கூடாது. உழைக்கிறவன் வயிறு காயக்கூடாது. இவ்வளவுதான்.

1987-ல் ஐ.நா. சபை அமைத்த ஒரு குழு இதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தது. நார்வே நாட்டின் பிரதமராக இருந்த புருன்ட்லாண்ட் அம்மையார் அதன் தலைவர். இன்று வாழ்கிறவர்கள் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால், நாளைக்குப் பிறக்கப் போகிறவர்களின் பங்கில் கை வைக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

தென்காசிக்காரர்களுக்கு இது புதிய செய்தியா? 15-ம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டினான் பராக்கிரம பாண்டியன். கட்டி முடித்ததோடு அவன் நிற்கவில்லை. பின்னால் வந்து இந்தக் கோயிலைக் காப்பவர் எவரோ, அவர் பாதத்தைத் தன் தலைமேல் தாங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். பிறக்காத மனிதரின் காலில் விழுந்த ராஜா!

மேடையும் பக்கத்து அறையும்

மாநாட்டு மேடையில் வேலை நடக்குமா? நடக்கும். பெரிய வேலைகள் நடக்கும். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் என்று அறிவித்தார்கள். அத்தனை பெரிய தொகையை மேடையில் நின்றுதான் அறிவிக்க முடியும்.

ஆனால், சாயத் தண்ணீரை ஆற்றில் விடாமல் சுத்தம் செய்ய என்ன செலவு ஆகும்? ஓட்டலில் மிஞ்சும் சோற்றை எங்கே கொட்டுவது? இந்தக் கேள்விகளை மேடையில் யாரும் கேட்பதில்லை. பொன்னாடை போர்த்தவே நேரம் போதாது. இவற்றைக் கேட்கும் இடம் பக்கத்து அறைதான்.

1992 ஜூன் மாதம் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் பூமி மாநாடு நடந்தது. நாட்டுத் தலைவர்கள் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். பொதுமக்களுக்கும் தொண்டர்களுக்கும் தனியாக ஒரு கூட்டம். அது பல மைல் தூரத்தில், கடற்கரைப் பூங்காவில், கூடாரம் போட்டு நடந்தது. கனடா நாட்டிலிருந்து சில சிறுமிகள் தாங்களே பணம் திரட்டிக்கொண்டு அங்கே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி செவர்ன் சுசுகி. வயது 12. கடைசியில் அவளைப் பெரிய மண்டபத்துக்கே அழைத்துப் பேச வைத்தார்கள். அந்த மாநாட்டில் பேசிய பெரியவர்களில் எத்தனை பேரின் பேச்சு இன்று நினைவில் இருக்கிறது? அந்தச் சிறுமியின் பேச்சை உலகம் இன்னும் கேட்கிறது.

ஆகவே, துணை நிகழ்ச்சி என்று இளக்காரம் வேண்டாம். ஆனால் ஒன்று. பக்கத்து அறைக்கு வருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மேடைக்கு எதிரே கோட்டு அணிந்து உட்கார்ந்தவர்களே அங்கும் வருகிறார்கள். குற்றாலத்தில் பஜ்ஜி போடுகிறவர் வருவதில்லை. எப்படி வருவார்? கடையை அடைத்துவிட்டு, ரயில் ஏறி, சென்னையில் அறை எடுத்து, அதற்கு மேல் நுழைவுக் கட்டணமும் கட்டுவாரா?

மலைதான் முதல்

குற்றாலத்தில் வியாபாரம் எத்தனை மாதம்? ஆனி, ஆடி, ஆவணி. தென்மேற்குப் பருவக்காற்று வீச வேண்டும். சாரல் விழ வேண்டும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாவற்றிலும் தண்ணீர் கொட்ட வேண்டும். அப்போதுதான் விடுதியில் அறை நிரம்பும். சிப்ஸ் கடை, அல்வாக் கடை, மங்குஸ்தான் பழக்கூடை, ஆட்டோ எல்லாம் ஓடும். தண்ணீர் இல்லை என்றால் துண்டு விற்கிறவருக்குக்கூட வேலை இல்லை.

வியாபாரத்துக்கு முதல் வேண்டும் என்பார்கள். குற்றாலத்து வியாபாரிகள் எல்லோருக்கும் முதல் ஒன்றே ஒன்றுதான். மலைமேல் இருக்கும் காடு. அது எந்தப் பாங்கியிலும் கிடைக்காது.

அந்த மலையில் பிறக்கும் சிற்றாறு அருவியோடு முடிந்துவிடுவதில்லை. தென்காசி வழியாக ஓடி வயல்களுக்குப் பாய்கிறது. சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அருவியில் கலக்கும் சோப்பு நுரை கீழே உள்ள ஊர்களுக்கும் போகிறது.

2014-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை போட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கூலி வாங்கிய தொழிலாளி என்ன செய்வார்? தடை சொல்வது கோர்ட்டின் வேலை. மாற்று வழி சொல்லித் தருவது கோர்ட்டின் வேலை அல்ல. அதற்குத்தான் பட்டறை.

2022-ம் ஆண்டு இறுதியில் மதுரைக் கிளை இன்னொரு உத்தரவு போட்டது. சில தனியார் விடுதிகள் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பி, தங்கள் தோட்டத்துக்குள் செயற்கை அருவி உண்டாக்கியதாக வழக்கு. அப்படிப்பட்ட விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது.

எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பொது அருவியை நம்பித்தான் விருந்தாளி வருகிறார். அந்த அருவிக்கு வரும் தண்ணீரையே வெட்டித் திருப்பினால்? பொன் முட்டையிடும் வாத்தின் கதை பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.

2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். குளிக்க வந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குளிக்கத் தடை போட்டார்கள். உயிர் போனதற்கு முன்னால் வியாபாரக் கணக்கு பேசக்கூடாது. ஆனால், மலைமேல் மழை பெய்யும் செய்தி கீழே கடைக்காரருக்கு எப்படி வந்து சேர வேண்டும், அவர் உடனே என்ன செய்ய வேண்டும் என்று அருவிக்கரையில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? அருவியின் சத்தம் மாறுவதை முதலில் கேட்கிறவர் அவர்தான்.

திருப்பூர் கொடுத்த விலை

நேரத்தில் கற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. பனியன் தொழிலால் டாலர் கொட்டியது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கொட்டியது. ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயநீர் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றங்கரை விவசாயி முன்பே அழுதுகொண்டிருந்தார். இப்போது முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து அழுதார்கள். பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் தொழில் மீண்டது. முன்னாலேயே மாறியிருந்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்திருக்காது.

குற்றாலத்தில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

சொளகு பிடித்த கைகள்

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் தெருவில் நடந்தால் திண்ணைதோறும் ஒரு காட்சி. பெண்கள் மடியில் சொளகு வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டு வேலைக்கு நடுவே சுற்றி, கட்டுக் கட்டி மறுபடி கடையில் கொடுக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளைகளின் பள்ளிச் செலவும் மகளின் கல்யாணச் செலவும் இந்தக் கூலியில்தான்.

புகை கெடுதல் என்று நாடு சொல்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. தடை சரிதான். புகையிலைத் தூளை நாள் முழுதும் சுவாசிக்கும் அந்தப் பெண்களின் உடம்புக்கும் அது நல்லதல்ல. ஆனால் பீடி ஒழிந்தால் அவர்கள் கைக்கு என்ன வேலை? நீடித்து நிற்கும் தொழில் பற்றிப் பேசுகிற மாநாடு முதலில் இவர்களை அல்லவா அழைக்க வேண்டும்?

இவர்களுக்குப் பட்டறை வைத்தால், காலை பத்து மணிக்கு வைத்துப் பயன் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள். பீடிக்கடையில் கணக்குக் கொடுத்த பிறகு, சாயங்காலம், அதே தெருவில் வைக்க வேண்டும். அல்லது அன்றைய கூலியைக் கொடுத்து அழைக்க வேண்டும். மாநாட்டுச் செலவில் அது பூச்செண்டு விலைகூட ஆகாது.

"பட்டிக்காட்டில் இதெல்லாம் நடக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். 2011-ல் சோஹோ கம்பெனி தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டபோதும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும் என்று இருந்த காலம். அதை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு தாமே அங்கு வந்து குடியிருந்து வேலையை நடத்தினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று அக்கம்பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அங்கே வேலைக்குப் போகிறார்கள். வேலையையே கிராமத்துக்குக் கொண்டுவர முடிந்தது. ஒரு பட்டறையைக் கொண்டுவர முடியாதா?

மேடை இல்லாமல் நல்ல விஷயம் பேச முடியாது என்பதும் தவறு. ரசிகமணி டி.கே.சி. நெல்லையில் தம் வீட்டுத் தொட்டிக்கட்டில் ஞாயிறுதோறும் நண்பர்களைக் கூட்டிப் பேசினார். வட்டத்தொட்டி என்றே அதற்குப் பெயர். பிறகு குற்றாலத்தில் குடியிருந்தபோது அவரைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். தலைவர் உரை கிடையாது. நன்றி நவில்தல் கிடையாது. சாப்பாடு மட்டும் பலமாக இருக்கும். பேச்சும் அப்படியே.

சாரல் விழா நடத்தி அரசாங்கத்துக்கும் பழக்கம் உண்டு. கொழு கொழு குழந்தைகள் போட்டி, கோலப் போட்டி, மலர்க் கண்காட்சி, நாய்கள் கண்காட்சி என்று எத்தனை துணை நிகழ்ச்சிகள்! மேடைப் பேச்சுக்கு வராத கூட்டம் நாய்களைப் பார்க்க முண்டியடிக்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு கொட்டகை போடலாமே? பாலித்தீன் பைக்கு மாற்று என்ன, இலைத் தொன்னை எங்கே மலிவு, குப்பையை எரு ஆக்குவது எப்படி என்று கையால் செய்து காட்டலாம். 2021 டிசம்பரில் அரசாங்கம் தொடங்கிய மஞ்சப்பை இயக்கத்துக்குக் குற்றாலம் ஈரத்துணிக்காரர்களைவிட நல்ல வாடிக்கை எங்கே கிடைக்கும்? ஈரத்துணியைச் சுருட்டி வைக்க ஆளுக்கு ஒரு பை வேண்டுமே!

சென்னைப் பிரதிநிதிகளும் வரட்டும். அவர்களை அருவிக்கரைக் கடைக்காரர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரானூரில் பரோட்டா காத்திருக்கிறது. அதுவும் ஒரு துணை நிகழ்ச்சிதான்.

எப்போது வைப்பது? சீசன் தொடங்கிய பிறகு வைத்தால் கடைக்காரருக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. முடிந்த பிறகு வைத்தால் ஊரில் ஆள் இருக்காது. வைகாசி மாதம்தான் சரி. சீசன் கடைகளுக்கு ஏலம் எடுக்க எல்லோரும் எப்படியும் வருவார்கள். ஏலம் முடிந்ததும் அந்த இடத்திலேயே அரை நாள் உட்கார வைக்கலாம். வனத்துறைக்காரர், தீயணைப்புக்காரர், பேரூராட்சிக்காரர், விடுதி முதலாளி, எண்ணெய்க்காரர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் ஒரே ஜமக்காளம். மைக் வேண்டாம். முதலில் பேசுவது கடைக்காரராக இருக்கட்டும்.