வாங்கிய புராஜெக்டா, செய்த புராஜெக்டா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நேரத்தின் அருமை", "மாணவர் கடமை" என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாம் எல்லோரும் கேன்டீனில் பேசுகிற, யாரும் பேப்பரில் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டைத்தான் சொல்கிறேன்.

ஐந்தாம் செமஸ்டர் முடியும் முன்பே டவுனில் உள்ள புராஜெக்ட் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம். தலைப்பைக் கடைக்காரரே சொல்வார், வேலையைக் கடைக்காரரே செய்வார், ரிப்போர்ட்டையும் பைண்டிங் போட்டுத் தந்துவிடுவார். நம் பங்கு, பெயரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் எழுதிக் கொடுப்பது மட்டுமே. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் ஐந்து பேர் குழுவும் அட்வான்ஸ் பணத்தோடு பஸ் ஏறப் போனதுதான்!

அன்று எங்களைத் தடுத்தவர் எங்கள் துறை ஆசிரியர் ஒருவர். என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த காலத்தில் மாதிரி விமானம் செய்து பழகியவர். "எப்படியும் பணம் கொடுக்கத்தான் போறீங்க. அதையே ஒரு கிளைடர் கிட்டுக்குக் கொடுத்து, நீங்களே கோர்த்துப் பாருங்களேன்பா" என்றார். அரை மனதோடுதான் சம்மதித்தோம். இன்று முழு மனதோடு சொல்கிறேன்: நம் பாலிடெக்னிக்கில் புராஜெக்ட் என்பது மாணவன் கையால் கோர்த்ததாக இருக்க வேண்டும். காரணத்தை விளக்கத்தான் எங்கள் கிளைடரின் கதையைச் சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே விமானம் இல்லை. குச்சிகள், மெல்லிய பலகைகள், ஒரு பெரிய வரைபடம், அவ்வளவுதான். மரம் பால்சா. உலகச் சந்தைக்கு இது பெரும்பாலும் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிறது. தேக்கு ஒரு கனமீட்டருக்குச் சுமார் 650 கிலோ இருக்கும் என்றால், பால்சா சுமார் 160 கிலோதான். கையில் எடுத்தால் எடையே தெரியாது.

சமமான பலகையில் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே பாலிதீன் தாளைப் போட்டு, குண்டூசி குத்தி ஒவ்வொரு ரிப்பையும் அதனதன் கோட்டின் மேல் நிறுத்த வேண்டும். இன்ஜினியரிங் டிராயிங்கில் ஸ்கேல் 1:1 என்று எத்தனை தடவை எழுதியிருப்போம்! அந்த 1:1 படத்தின் மேலேயே பொருளை வைத்துக் கோர்த்தது எனக்கு இதுதான் முதல் தடவை. கோட்டை விட்டு அரை மில்லிமீட்டர் விலகினால் அடுத்த குச்சி உட்காராது. டிராயிங் ஷீட்டில் ரப்பரால் அழிக்கலாம். ஒட்டிய மரத்தை அழிக்க முடியுமா?

அடுத்து எடைக் கணக்கு. கிளைடருக்கு என்ஜின் கிடையாது. தன் எடையாலேயே சரிந்து முன்னே போகிறது. அந்த வேகத்தில் இறக்கை ஏற்றுவிசையைப் பெறுகிறது. எங்கள் கிளைடரின் இறக்கை 1.5 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், மொத்த எடை 480 கிராம். பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தபோது மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர் வேகம் வந்தது. சைக்கிளை வேகமாக மிதிக்கிற வேகம்தான்!

ஆனால் வேகத்தைவிட முக்கியம் ஈர்ப்பு மையம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 6.5 சென்டிமீட்டரில் அது இருக்க வேண்டும் என்று வரைபடம் சொன்னது. இரண்டு விரல் நுனிகளை அந்த இடத்தில் வைத்துத் தூக்கினோம். வால் தொங்கிவிட்டது. வால் பகுதியில் "உறுதியாக இருக்கட்டுமே" என்று தாராளமாகப் பூசிய பசையின் வேலை அது. குழுவில் இருந்த தோழி மோமென்ட் கணக்குப் போட்டாள். வால், மையத்திலிருந்து 70 சென்டிமீட்டர். மூக்கு 25 சென்டிமீட்டர். வாலில் 10 கிராம் பசை கூடினால், அதைச் சமன் செய்ய மூக்கில் 28 கிராம் ஈயம் வைக்க வேண்டும்! முதலாண்டில் இதே கணக்கைப் போட்டு மார்க் வாங்கியவன் நான். அந்தக் கணக்குக்கு எடை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இறக்கைக்கு பிலிம் ஒட்டும் வேலை என் பங்கு. பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கி, வீட்டில் வைத்து ஒட்டினேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். "இதுக்குத்தான் பாலிடெக்னிக் போறியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இறக்கையைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவருக்கு நூல் பிடித்துப் பார்ப்பது போலப் பின்பக்கமிருந்து பார்த்தார்.

"ஒரு நுனி லேசா மேல தூக்கியிருக்கு. இன்னொரு நுனி தூக்கலையே, அது அப்படித்தான் இருக்கணுமா?"

ஸ்கேல் வைத்து அளந்தேன். வலது நுனியின் பின் விளிம்பு படத்தில் உள்ளபடி 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. இடது நுனியில் அந்த உயரம் இல்லை. இரண்டு நுனிகளிலும் இந்தச் சரிவு சமமாக இருந்தால்தான், வேகம் குறையும்போது நுனி முதலில் ஏற்றுவிசையை இழக்காமல் விமானம் சமமாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மற்றப் பக்கம் சாய்ந்து சுழன்று விழும். நாங்கள் ஐந்து பேரும் நான்கு நாள் பார்த்தும் கண்டுபிடிக்காததை அப்பா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். காரணத்தை நான் சொன்னேன். அவர் இறக்கையை முறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் இஸ்திரிப் பெட்டியால் பிலிமைச் சூடாக்கினேன். பிலிம் ஆறியதும் அந்தத் திருத்தம் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கடையில் புராஜெக்ட் வாங்கியிருந்தால் வீட்டுக்கு என்ன கொண்டு போயிருப்பேன்? பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டை அப்பாவால் படிக்க முடியாது. என்னாலும் முழுசாகப் படித்துப் புரிந்துகொண்டிருக்க முடியாது என்பதுதான் உண்மை.

ரேடியோ வேலையில் எலக்ட்ரானிக்ஸ் துறை நண்பன் உதவினான். ரட்டருக்கு ஒரு சர்வோ, எலிவேட்டருக்கு ஒரு சர்வோ. ஒவ்வொன்றும் 9 கிராம். அதற்குள் ஒரு மோட்டார், பல்சக்கரங்கள், ஒரு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு சின்ன சர்க்யூட். விநாடிக்கு 50 தடவை ரிசீவரிலிருந்து பல்ஸ் வரும். பல்ஸ் 1.5 மில்லிவிநாடி என்றால் கை நடுவில் நிற்கும். 1 மில்லிவிநாடிக்குக் குறைந்தால் ஒரு பக்கமும், 2-க்குக் கூடினால் மறு பக்கமும் திரும்பும். போக வேண்டிய இடத்தையும் இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டார் ஓடும். பரீட்சைக்குக் கட்டம் கட்டமாக வரைகிறோமே, அந்த குளோஸ்டு லூப் இதுதான்!

பறக்கவிடும் நாள் வந்தது. காலை ஆறரை மணி, தண்ணீர் வற்றிய கண்மாய், காற்றில்லை. 2021-இல் வந்த டிரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எங்கள் இடம் பச்சை என்று பார்த்துக்கொண்டுதான் போனோம். நீங்களும் பார்க்காமல் போகாதீர்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டி விடவும் கூடாது.

கையால் எறிந்தோம். மூக்கைத் தூக்கியது, வேகம் செத்தது, குப்புற விழுந்தது. மூன்று விநாடிகூட இருக்காது. மூக்கு உடைந்து, இரண்டு ரிப் போய்விட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "கடையிலயே குடுத்திருக்கலாம்" என்று ஒருவன் சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிரித்துப் பார்த்தோம். 60 கிராம் பாட்டரி உள்ளே 8 சென்டிமீட்டர் பின்னால் நழுவியிருந்தது. 480 கிராம் விமானத்தில் அதனால் மையம் சரியாக 1 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். பாட்டரியைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லிக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. அவசரத்தில் அதை நாங்கள் தாண்டிவிட்டோம். தப்பு எங்களுடையது. ஆகவே திருத்தமும் எங்களுடையதே! எந்தக் குச்சி எங்கே இருக்கிறது, எந்தப் பசை எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று எல்லாமே தெரிந்திருந்ததால் இரண்டே நாளில் சரி செய்தோம். அதே வாரம், கடையில் வாங்கிய புராஜெக்டில் ரிலே வேலை செய்யாமல் என் வகுப்பு நண்பர்கள் அதைச் சாக்குப் பையில் சுற்றி டவுன் பஸ்ஸில் கடைக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் எங்களைவிட அறிவு குறைந்தவர்கள் அல்ல. அவர்கள் அதைக் கோர்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த ஞாயிறு ரப்பர் டியூபும் நைலான் கயிறும் கட்டி இழுத்துவிட்டோம். மேலே போய்க் கயிற்றை விட்டது. சத்தமே இல்லை. நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறித் தெரியும். முதல் திருப்பத்தில் தடுமாறி, பிறகு சமாளித்தோம். தரையைத் தொட்டதும் வாட்ச்சைப் பார்த்த தோழி "அறுபத்து மூணு!" என்று கத்தினாள். 63 விநாடி. அவ்வளவுதான். ஆனால் அந்த 63 விநாடியும் எங்களுடையது.

இதற்கு நண்பர்கள் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும்.

"செலவு அதிகமாச்சே" என்பார்கள். கடைக்கு ஐந்து பேரும் கொடுக்க இருந்த தொகைக்குள்ளேயே எங்களுக்கு முடிந்தது. டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், சர்வோ எல்லாம் அடுத்த வருஷத்துத் தம்பி தங்கைகளுக்கும் உதவும். அவர்கள் மரம் மட்டும் வாங்கினால் போதும்.

"ஃபோமில் ரெடிமேட் விமானம் கிடைக்கிறதே, வாங்கிய அன்றே பறக்கலாமே" என்பார்கள். உண்மைதான். விழுந்தாலும் சீக்கிரம் உடையாது. பறக்கவிடப் பழகுவதற்கு அது நல்லதுதான். ஆனால் நாம் இங்கே சேர்ந்தது பொருள் எப்படி உருவாகிறது என்று கற்க அல்லவா?

"கிட்டும் வேறொருவர் போட்ட டிசைன்தானே, அதில் உன் பெருமை என்ன?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோலம் பழகுகிற பிள்ளை முதலில் அம்மா வைத்த புள்ளியில்தான் இழுக்கிறது. புள்ளி வைக்கும் காலம் பிறகு வரும். புள்ளியும் வைக்காமல், கோடும் இழுக்காமல், கடையில் ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டினால் கை எப்போது பழகும்?

வரலாற்றைப் பாருங்கள். ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் சுமார் 2,000 தடவை கிளைடரில் பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9-இல் விழுந்து மறுநாள் இறந்தார். அவர் வழியைப் படித்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1900-இலும் 1901-இலும் அவர்கள் செய்த கிளைடர்கள் கணக்குப்படி பறக்கவில்லை. அச்சில் இருந்த எண்களை அப்படியே நம்பாமல், 1901-இல் தாங்களே காற்றுச் சுரங்கம் ஒன்றைச் செய்து இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1902 கிளைடர் சொன்னபடி கேட்டது. அதன் பிறகே என்ஜினை வைத்தார்கள். 1903 டிசம்பர் 17-இல் முதல் பறத்தல் வெறும் 12 விநாடி! இருவருமே உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ்கூட வாங்காதவர்கள். அவர்களிடம் சான்றிதழ் இல்லை, கை இருந்தது. நம்மிடம் நாளை சான்றிதழ் இருக்கும். கை இருக்குமா?

எங்களுக்கு வைவா இன்னும் வரவில்லை. கடைப் புராஜெக்டின் பளபளப்பு எங்கள் கிளைடருக்குக் கிடையாது. மூக்கில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரிகிறது. மார்க் குறையலாம். குறைந்தாலும் நான் இந்தக் கட்டுரையை மாற்ற மாட்டேன். "மூக்கில் எதற்கு ஈயம்?" என்று எக்ஸாமினர் கேட்டால் எங்கள் ஐந்து பேரில் யாரும் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்க மாட்டோம். எனக்கு அது போதும்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கும் கேடயத்துக்கும் பணம் ஒதுக்குகிறோம். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, துறைக்கு ஒரு கிட்டாவது வாங்கி வையுங்கள். கிளைடராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பம்பாகவோ ரேடியோவாகவோ இருக்கட்டும். கோர்க்க வேண்டியதாக இருந்தால் போதும். எங்கள் டிரான்ஸ்மிட்டரையும் மிச்சமிருக்கும் பால்சாக் குச்சிகளையும் லேப் பீரோவில் வைத்துவிட்டுப் போகிறோம்.

அடுத்த ஆண்டு இறுதியாண்டுக்கு வரும் தோழர்களே, தோழிகளே! அட்வான்ஸ் கொடுக்கப் பஸ் ஏறும் முன் ஒரு தடவை அந்தப் பீரோவைத் திறந்து பாருங்கள். பாட்டரிக்கு ஸ்பாஞ்ச் வைக்க மறந்துவிடாதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை